கறுப்புக் கோட்டுக்குள் பதினேழு வாத்துகள்

ராதோய் தெனேவுக்கு அறுபத்து மூன்று வயது. அதில் முப்பத்தைந்து வருடம் வானிலை நிலையத்தில் காற்றையும் மழையையும் அளந்து எழுதினார். மிச்ச நேரமெல்லாம் ஏரிக்கரை நாணலுக்குள் குப்புறப் படுத்துப் பறவைகளைப் படம் பிடித்தார். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம் நேரமில்லை என்பார். கேலிக்குச் சொல்வதாக எல்லோரும் சிரிப்பார்கள். உண்மையிலேயே நேரமில்லாமல்தான் போயிற்று.

அவருடைய கம்ப்யூட்டருக்குள் நாற்பதாயிரம் பறவைப் படங்கள் இருந்தன. அவரைத் தவிர ஒரு ஈ காக்கைகூட அவற்றைப் பார்த்ததில்லை. காட்டுவதற்கும் ஆள் இல்லை. ஊரில் அவரோடு யாரும் பேசி நான்கு வருடம் ஆகிவிட்டது.

அது அவரே தேடிக்கொண்ட வினை. ஒவ்வொரு குளிர்காலமும் வடக்கேயிருந்து சிவந்த நெஞ்சுள்ள வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்து ஊரின் கோதுமை வயல்களில் இறங்கும். அவற்றைச் சுடக் கூடாது என்பது சட்டம். சட்டம் தலைநகரத்தில் இருந்தது, துப்பாக்கிகள் ஊரில் இருந்தன. ஒரு ஜனவரிக் காலையில் ஐந்து பேர் வயலோரம் நின்று அவற்றைச் சுட்டார்கள். நாணலுக்குள் கிடந்த ராதோய் அந்த ஐந்து பேரையும் படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். துப்பாக்கிகள் பறிபோயின. ஐவரில் முதல் ஆள் மின்கோ, ராதோயோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். அதன் பிறகு ரொட்டிக்கடையில் ராதோய்க்கு ரொட்டி கிடைத்தது, ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

இந்த ஜனவரியில் கம்ப்யூட்டரின் திரை திடீரென்று இருண்டது. அன்று ராத்திரி ராதோய் தூங்கவேயில்லை. பெட்டியைக் கம்பளியில் சுற்றிக் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பக்கத்து டவுனான ஷாப்லாவுக்குப் போனார். பழுது பார்ப்பவன் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டான்.

"ஒண்ணும் போகல சார், எல்லாம் பத்திரமா இருக்கு" என்றான். கொஞ்ச நேரம் திரையை உருட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, இவ்ளோ படத்தையும் வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றான்.

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். ராதோய்க்கு அது சாதாரணமாகப் படவில்லை. நான் போய்ச் சேர்ந்தால் இந்தப் பெட்டியை எவனும் திறக்கப் போவதில்லை, பழைய இரும்போடு தூக்கிப் போடுவான் என்று தோன்றியது. ஒரு படத்தையாவது, தன் கண்ணைத் தவிர இன்னொரு ஜோடிக் கண் பார்க்க வேண்டும். அதற்கு மேல் அவருக்கு எதுவும் வேண்டாம்.

அதே தெருவில் ஸ்லாதினாவின் ஜெராக்ஸ் கடை. ராதோய் தன் படங்களிலேயே சிறந்ததை எடுத்துக் கொடுத்தார்: பனி மூடிய வயலிலிருந்து எழும்பும் பதினேழு வாத்துகள், பின்னால் வெளிறிய வானம். அச்சுப் போட்டு வந்ததும், காகிதத்தின் வெள்ளையோடு வானம் கரைந்து போகிற மாதிரி இருந்தது.

"சுத்திக் கறுப்புக் கோடு போட்டா எடுப்பா இருக்குமா?" என்று கேட்டார்.

"போட்ருவோம். நாள் முழுக்க அந்த வேலைதானே எனக்கு" என்றாள் அவள், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு. "கீழ பேரு?"

"ராதோய் தெனேவ். எடுத்த தேதியும் போடும்மா. ஜனவரி பதினெட்டு."

அவள் கை பழகிய வேகத்தில் பெயரைத் தடித்த எழுத்தில் நடுவில் போட்டு, அடியில் தேதியைப் போட்டு, பனியில் நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக் கொடுத்தாள்.

சிறகில் பாதி தெரிந்தாலே பறவையின் பெயர், வயது எல்லாம் சொல்லிவிடுகிற மனுஷர் இவர். கையில் இருந்த காகிதத்தைப் பார்த்து இவருக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. ஸ்லாதினாவின் கடை ஓடுவதே மரண அறிவிப்புகளால்தான். ஒருவர் இறந்தால் படம், பெயர், தேதி போட்டு, சுற்றிலும் கறுப்புக் கோடு இழுத்து, வீட்டு வாசலில் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள் ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று. ஊரில் அப்படி ஒரு காகிதம் தொங்காத கம்பிக்கதவே கிடையாது, ராதோயின் கதவைத் தவிர.

மறுநாள் விடியற்காலை, தேதி இருபத்தொன்று, அவர் படத்தைக் கதவின் கம்பியில் கட்டினார். உள்ளே போய்த் திரைச்சீலைக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையில் தேநீரோடு உட்கார்ந்தார். காத்திருப்பது அவருக்குக் கைவந்த கலை.

முதலில் வந்தது ரொட்டிக்கடை பெனா. கடை திறக்கிற அவசரத்தில் தாண்டிப் போனவள், நான்கடி பின்னால் வந்தாள். பார்த்தாள். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். ராதோய்க்குத் தலைகால் புரியவில்லை. 'அடேயப்பா, ஒரு படத்துக்கு இவ்வளவா!'

அடுத்து இரண்டு பெண்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். அப்புறம் தபால்காரர், அப்புறம் பள்ளிக்கூட டீச்சர். எல்லோரும் நின்றார்கள். பத்து மணிக்கு மேல் மின்கோ வந்தான்.

ராதோய் தேநீரைக் கீழே வைத்தார். மின்கோ வெகுநேரம் அசையாமல் நின்றான். பிறகு தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வழுக்கைத் தலையில் பனி விழ விழ, குனிந்து நின்றான். ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளலாமா என்று ராதோய்க்குத் துடித்தது. எழுந்தால் கலைந்துவிடுமோ என்ற பயத்தில் உட்கார்ந்தே இருந்தார். 'மன்னிச்சிட்டான். படத்தைப் பாத்தான், மன்னிச்சிட்டான்.' நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவர் அந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்தார்.

மத்தியானம் தெரு வெறிச்சோடியதும் வாசலுக்குப் போனார். கம்பியில் யாரோ சிவப்புப் பூக்களைச் செருகியிருந்தார்கள். அட, பூ வேறயா என்று சந்தோஷத்தோடு கையில் எடுத்தவர் எண்ணிப் பார்த்தார். இரண்டு.

உயிரோடு இருப்பவர்களுக்கு ஒன்று கொடுப்பார்கள், மூன்று கொடுப்பார்கள். இரட்டைப்படையில் பூ வைப்பது பிணத்துக்கு.

மெதுவாகத் தலையைத் தூக்கிக் காகிதத்தைப் பார்த்தார். கறுப்புக் கோடு. ராதோய் தெனேவ். ஜனவரி பதினெட்டு. மூன்று நாளைக்கு முன்னால் தான் செத்துப் போயிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

பூக்களோடு நேராக ரொட்டிக்கடைக்கு நடந்தார். கணப்பைச் சுற்றி மின்கோவும் இன்னும் இரண்டு பேரும் ரக்கியாச் சாராயக் கிளாசோடு இருந்தார்கள். செத்தவனுக்கென்று முதல் துளியைத் தரையில் ஊற்றிய ஈரம் காயவில்லை. "கடவுள் அவனை மன்னிக்கட்டும்" என்று மின்கோ சொல்லி முடிக்கவும், கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

பெனா வீலென்று கத்தினாள். "ஐயோ! ராதோய் அண்ணே, நீங்க சாகலையா?"

"இன்னும் இல்ல" என்றார் ராதோய்.

"அடப்பாவி!" மின்கோவின் முகம் சிவந்தது. "உனக்காகத் தொப்பியைக் கழட்டினேன்டா நான்! இந்தக் குளிர்ல!"

"நல்ல ரக்கியாவை வேற தரையில கொட்டிட்டோம்" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"ஊரை ஆழம் பாத்தீங்களா? செத்தா எவன் வர்றான்னு?" என்றாள் பெனா. அவளுக்குப் படபடப்பு அடங்கவில்லை, கண்ணிலும் தண்ணீர் நின்றது. "உடம்பு உள்ள இருக்கா, ஆஸ்பத்திரியில இருக்கான்னு யாரைக் கேக்கறதுன்னுகூட எங்களுக்குத் தெரியல."

"அது மரண அறிவிப்பு இல்ல. படம். நான் எடுத்த படம்" என்றார் ராதோய். "படத்தைப் பாத்தீங்களா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஏதோ பறவை போட்டிருந்துச்சு" என்றாள் பெனா தயங்கித் தயங்கி. "உங்க போட்டோ யாருகிட்டயும் இல்ல போல, அதான் பறவைய வெச்சிருக்காங்கன்னு நெனச்சோம்."

அந்த ஒரு வார்த்தை அவரைக் குத்திவிட்டது. அது முழுக்க உண்மை. நாற்பதாயிரம் படங்களில் அவர் ஒன்றில்கூட இல்லை. எடுக்க யாரும் இருந்ததில்லை.

"அப்ப ஜனவரி பதினெட்டுன்னு?" என்று கேட்டான் மின்கோ.

"அது படம் எடுத்த நாள். நாலு வருஷம் ஆச்சு."

மின்கோ விரல் மடக்கி வருடங்களை எண்ணினான்; அவர்கள் வயலோரம் நின்று சுட்ட அதே நாள். ராதோய் பூக்களை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு பேர் அவரைப் பார்த்து மிரண்டு ஒதுங்கினார்கள். உயிரோடு இருந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்தான். செத்தால்தான் இந்த ஊர் நம் வாசலில் நிற்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தார். காகிதத்தைக் கதவிலிருந்து அவிழ்த்துச் சமையலறை மேஜைமேல் எறிந்தார்.

சாயங்காலம், வெளிச்சம் மங்குகிற நேரத்தில், யாரோ கதவைத் தட்டினார்கள். மின்கோ. சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி இருந்தது.

"அந்தக் காகிதம் எங்க?"

ராதோய் மேஜையைக் காட்டினார். மின்கோ விளக்குக்குக் கீழே உட்கார்ந்து, உறையிலிருந்து படத்தை உருவி, கண்ணாடியை மாட்டிக்கொண்டான். மூக்கு காகிதத்தில் உரசுகிற அளவுக்குக் குனிந்து, ஒவ்வொரு பறவையாகப் போனான். அப்புறம் தடித்த விரலை ஓர் இடத்தில் வைத்தான்.

"இதோட காலைப் பாத்தியா?"

ராதோய் குனிந்தார். இடமிருந்து நான்காவது வாத்து. மற்றவை காலை வயிற்றோடு மடக்கியிருக்க, இதன் ஒரு கால் மட்டும் தொங்கியது. காலுக்கு மேலே, வயிற்று இறகில், அரிசி அளவுக்கு ஒரு சிவப்பு. நான்கு வருடமாக நூறு தடவையாவது திரையில் இந்தப் படத்தைப் பார்த்திருப்பார். அழகாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவியிருக்கிறார்.

"பாக்கல" என்றார்.

"குண்டு பட்டிருக்கு. வயித்துல." மின்கோ விரலை எடுக்கவில்லை. "இந்தப் பக்கம் நின்னது நான்தான். மத்த நாலு பேரும் பள்ளத்துல நின்னாங்க. தப்பிச்சிருச்சுன்னு நெனச்சேன்."

"ரொம்ப தூரம் போயிருக்காது."

"போயிருக்காது. நாணல்ல விழுந்து ரெண்டு நாள், மூணு நாள் கெடந்திருக்கும். சட்டுனு சாகாது, வயித்துல பட்டா." அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மறுபடி மாட்டினான். "மேலிடத்துலேந்து வந்த காகிதத்துல என் மூஞ்சிதான் இருந்துச்சு. துப்பாக்கியும் மூஞ்சியும். அதைப் பாத்தா எவனுக்குடா வெக்கம் வரும்? கோவம்தான் வந்துச்சு."

ராதோய் படத்தைத் தன் பக்கம் திருப்பி மறுபடி பார்த்தார்.

"இதை அன்னைக்கே என்கிட்ட கொண்டாந்து காட்டியிருந்தா..." என்றான் மின்கோ.

"காட்டியிருந்தா?"

மின்கோ கண்ணாடியை மடித்துப் பையில் போட்டான். "அடிச்சிருப்பேன்" என்றான். "அடிச்சிட்டு, பாத்திருப்பேன்."

அவன் எழுந்தான். உட்காரு, ஏதாவது குடி என்று ராதோய் சொன்னதற்குத் தலையாட்டி மறுத்துவிட்டான். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "மத்த நாலு பேரும் பாக்கணும் இதை. காகிதமா எடுத்துட்டு வா. பெட்டிக்குள்ள வெச்சிருந்தா எவன் பாப்பான்?" என்று சொல்லிவிட்டு இருட்டில் இறங்கிப் போனான்.

ராதோய் மேஜை முன்னால் உட்கார்ந்து நான்காவது வாத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். கண்ணீர் காகிதத்தில் விழுந்துவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அந்த அடியை வாங்கியிருக்கலாம். நான்கு வருடத்துக்கு முன்னால், கையில் ஒரு காகிதத்தோடு அவன் வீட்டுக்கு நடந்து போய், அந்த ஒரு அடியை வாங்கியிருக்கலாம்.