மூன்றுதரம் விலைபோன பிலாப்பழம்

பரமலிங்கம் ஒன்றை முடியாது என்று சொல்லிவிட்டால் அவருடைய வீட்டில் எவராலும் அதை மாற்ற முடியாது. நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் அவர் எதையும் செய்வார். பிறந்த நாள்தொட்டு அவருக்கு மகளாக இருக்கிற தனுசியாவுக்கு இது நன்றாகத் தெரியும். கொடிகாமத்துச் சனசமூக நிலைய மண்டபத்தில் ஏலம் வைக்கலாம் என்று அவள் சொன்னதே அதனால்தான்.

கல்வியியற் கல்லூரியில் அவளும் தோழிகளும் ஆடிய, நெல்லறுப்பைக் காட்டும் அருவிவெட்டு நடனம் மாகாணத்தில் முதலிடம் பெற்று, கண்டியில் நடக்கும் தேசிய விழாவுக்குத் தெரிவாகியிருந்தது. வாழ்த்துக் கடிதம் வந்தது. போய்வரக் காசு வரவில்லை. பஸ், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் பிள்ளைகளின் பாடு. கூழ் காய்ச்சி விற்றார்கள். யாழ்ப்பாணத்துக் கடைகளில் ஏறி இறங்கினார்கள். சேர்ந்த காசு அநுராதபுரம் மட்டும் போகக் காணும், மிச்சத் தூரத்துக்கு ஆடிக்கொண்டே நடக்கலாம் என்றாள் றொசாந்தி. அவள் குருநகர்ப் பெட்டை. எந்தக் கவலையையும் சிரிப்பாக்கிவிடுவாள்.

தனுசியாவுக்கு அதைவிடப் பெரிய ஒரு கவலை இருந்தது. பஸ் கிடைத்தாலும் அப்பா அதில் அவளை ஏற விடமாட்டார். நடனத்துக்கு மிருதங்கம் வாசிப்பவன் நிருஷன். நிருஷனின் தகப்பன் இணுவில் கேதீஸ்வரன்.

கேதீஸ்வரன் தனுசியாவின் அம்மா குணலட்சுமிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். முறைப்படி பார்த்தால் நிருஷன் அவளுக்கு மச்சான். ஒரு காலத்தில் பரமலிங்கமும் கேதீஸ்வரனும் ஒரே மோட்டார் சைக்கிளில் திரிந்தவர்கள். சில வருடங்களுக்கு முன் ஊர்ப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் மாம்பழ ஏலம் நடந்தபோதுதான் எல்லாம் கெட்டது. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஏலத்தில் எடுத்த பழத்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. "கோயிலுக்கே" என்று திருப்பிக் கொடுப்பார்கள், அதே பழம் மறுபடியும் ஏலத்துக்கு வரும். விருந்தாளியாக வந்த கேதீஸ்வரன் பரமலிங்கத்தை மேவி விலை கேட்டு எடுத்ததுமல்லாமல், பழத்தைத் திருப்பிக் கொடுக்காமல் காருக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது, தோட்டம் செய்து பிழைக்கிற பரமலிங்கத்தைப் பார்த்து, தோட்டக்காரனின் கை சுருங்கிப்போச்சோ என்று ஒரு பகிடியும் விட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

கண்டிப் பயணத்தைப் பற்றி அம்மா மெல்லக் கதையை எடுத்தபோது அப்பா சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"கேதீஸ்வரன்ரை பெடியன் தட்ட என்ரை பிள்ளை ஆடுறதோ? அதுவும் கண்டி மட்டும் ஒரே பஸ்ஸிலை? நடவாது."

தனுசியாவும் நிருஷனும் கண்டியை விட நெடுந்தூரம் ஒன்றாகப் போவதற்கு ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார்கள். நல்லவேளை, அது அப்பாவுக்குத் தெரியாது.

கோயில் வழக்கத்தைச் சொல்லி, அதேபோல ஒரு ஏலம் வைத்தால் ஊர்ச் சனம் விட்டுக்கொடுக்காது என்று அவள் விளக்கியபோது, றொசாந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுடைய தகப்பன் அடைக்கலநாதன் குருநகர்க் கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். எடுத்த மீனைத் திருப்பிக் கொடுக்க யாராவது வந்தால் அப்பா அந்த ஆளையும் சேர்த்துக் கூறி விற்றுவிடுவார் என்றாள். ஆனாலும் மைக்கைத் தானே பிடிப்பதாக ஒப்புக்கொண்டாள்.

ஊர்ச் சனம் தேங்காய், முருங்கைக்காய்க் கட்டு, ஒரு சேவல் என்று தந்தது. தரமாட்டேன் என்று சொல்ல அப்பாவாலும் முடியவில்லை. கிணற்றடிப் பிலாவில் ஒரு பெரிய பழத்தை இறக்கித் தந்தார். "பழத்தைத்தான் தாறன். பிள்ளையை இல்லை" என்று சொல்லியே தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்துவிட்டது. நிருஷன் சொன்னபடி தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்து இரண்டாம் வரிசையில் இருத்தினான். அப்பா சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்போலக் கதவடியில் கைகட்டி நின்றார். கேதீஸ்வரன் மாமாவின் வெள்ளைச் சேட்டு கண்ணில் பட்டதும் அவருடைய கைகள் இன்னும் இறுகின. அந்தக் கட்டை அவிழ்க்கத்தான் தனுசியா பிலாப்பழத்தைக் கடைசியில் வைத்திருந்தாள்.

சேவலும் தேங்காயும் மளமளவென்று போயின. பிறகு இரண்டு பிள்ளைகள் பிலாப்பழத்தைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார்கள். மண்டபம் முழுக்க வாசம். றொசாந்தி மைக்கை உயர்த்தினாள்.

"பரமலிங்கம் ஐயாவின்ரை கிணற்றடிப் பிலா. மூக்கிருக்கிற ஆக்களுக்கு நான் வேறை ஒண்டும் சொல்லத் தேவையில்லை. ஆயிரம் ரூபா, ஆர் கேக்கிறியள்?"

முதலில் கேட்டது மாமா. யாரோ மேவினார்கள். மாமா இன்னும் மேவி ஐயாயிரத்துக்கு எடுத்தார். எடுத்த கையோடு, "பிள்ளையளுக்கே" என்று திருப்பிக் கொடுத்தார். சனம் கைதட்டியது. அன்று கோயிலில் செய்யாததை இன்று இவன் என்னுடைய பழத்தில் செய்து காட்டுகிறானோ என்று அப்பாவின் முகம் சிவந்ததைத் தனுசியா கண்டாள். கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன.

இரண்டாம் தரம் அப்பா எடுத்தார், மாமாவை விட இரண்டு மடங்கில். அவரும் "பிள்ளையளுக்கே" என்றார், இன்னும் பலமாக. மூன்றாம் தரம் மண்டபத்தில் மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். கதவடியும் இரண்டாம் வரிசையும் மாறி மாறிக் கேட்டன. றொசாந்திக்கு மூச்சு விட நேரமில்லை. தொகை அநுராதபுரத்தைத் தாண்டி, தம்புள்ளையைத் தாண்டி, கண்டியையும் தாண்டியது. கடைசியில் மாமா கையை விரித்துவிட்டு இருந்தார்.

"ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம். பரமலிங்கம் ஐயாவுக்கே."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தனுசியா அப்பாவையே பார்த்தாள். இவ்வளவு கொடுத்த மனிதர் இப்போது இளகுவார் என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். அப்பாவோ பழத்தை வீட்டுக்கு ஏற்றச் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார். காசு தந்தாயிற்று, கேதீஸ்வரனையும் வென்றாயிற்று, அவருக்கு அலுவல் முடிந்தது. தனுசியாவின் கணக்குப் பிழைத்துவிட்டது. பஸ் போகப்போகிறது, தான் இல்லாமல்.

அப்போதுதான் மாமா எழுந்து போய் றொசாந்தியிடம் மைக்கை வாங்கினார்.

"பரமலிங்கம் மச்சானுக்கு எல்லாரும் ஒருக்காக் கைதட்டுங்கோ. உவ்வளவு காசு குடுத்துப் பஸ் பிடிச்சு ஊர்ப் பிள்ளையளையெல்லாம் கண்டிக்கு அனுப்புறார். அவரின்ரை சொந்தப் பிள்ளை மட்டும் வீட்டிலை நிக்கப்போகுதாம். உப்பிடி ஒரு தர்மவானை நான் கண்டதில்லை."

மண்டபம் சிரித்தது. அப்பா வாசற்படியில் நின்றுவிட்டார். காதுமடல் சிவக்க, இரண்டு அடி திரும்பி உள்ளே வந்தார்.

"ஆர் உனக்குச் சொன்னது? பஸ்ஸைப் பிடிக்கிறதே நான். என்ரை பிள்ளை முன் சீற்றிலை இருந்து போவாள்."

"அப்ப சரி" என்று மாமா மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். "அதைத்தான் கேக்க வந்தனான்."

சொல்லிவிட்ட சொல் என்னவென்று அப்பாவுக்கு மெல்லத்தான் விளங்கியது. அத்தனை பேருக்கு முன்னால் சொன்னதை இனி மாற்ற முடியாது. அவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். பெண்கள் வரிசையில் அம்மா புடவைத் தலைப்பை வெகு கவனமாகச் சரிசெய்துகொண்டிருந்தாள். முதல் நாள் தேத்தண்ணி வைக்கிற சாக்கில் அம்மா குசினிக்குள் கைபோனும் காதுமாய் நெடுநேரம் நின்றதும், "அண்ணை, நீங்கள்தான் உவரைக் கிளப்ப வேணும்" என்றதும் தனுசியாவுக்கு அப்போதுதான் பொருந்தின. தான் மட்டும்தான் திட்டம் போட்டதாக நினைத்த தன்னை எண்ணி அவளுக்கே சிரிப்பு வந்தது.

வெட்கத்தை மறைக்க அப்பாவுக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. பழத்தை இங்கேயே வெட்டுவோம், கத்தி கொண்டுவா என்று சத்தம் போட்டார். முற்றத்தில் சாக்கு விரித்து, சேட்டுக் கையை மடித்துவிட்டுக் குந்தினார். பிலாப்பால் ஒட்டாமலிருக்க எண்ணெய் வேண்டும். போத்தலோடு வந்து நின்றது கேதீஸ்வரன் மாமா.

"கையைக் காட்டு, மச்சான்."

அப்பா கத்தியைச் சாக்கில் வைத்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினார். மாமா தேங்காயெண்ணெய் ஊற்றினார், தேவைக்கு அதிகமாகவே. முதற் சுளையை எடுத்து அப்பா அவரிடம்தான் கொடுத்தார். மாமா சப்பியபடி குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் தாம்பாளத்தோடு நின்ற தனுசியாவுக்கு மட்டும் கேட்டது.

"அண்டைக்குக் கொண்டுபோன மாம்பழம் இருக்கே, வாயிலை வைக்கேலாத புளிப்பு. இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

அப்பா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்க வெகுநேரம் எடுத்தது. நிருஷன் சுளைகளை எடுத்துச் சனத்துக்குக் கொடுத்துக்கொண்டு திரிந்தான். தாம்பாளம் கைமாறும்போது அவன் ஒரு சுளையைத் தனுசியாவின் பக்கமாகத் தள்ளிவைத்ததை அப்பா காணவில்லை என்றுதான் அவள் நினைத்தாள்.

பயண நாளன்று விடியவே அப்பா பஸ்ஸடிக்கு வந்துவிட்டார். ரயரை உதைத்துப் பார்த்தார். சாரதியிடம் மெதுவாக ஓடச் சொன்னார். மகளை முன் சீற்றில் இருத்தி, அவளுடைய பையைத் தானே மேலே வைத்தார். பிறகு நிருஷனைப் பார்த்தார்.

"உவர் மிருதங்கத்தோடை பின் சீற்றிலை இருக்கட்டும்."

கேதீஸ்வரன் மாமா வெளியே யன்னலடியில் நின்று கேட்டார், "அப்ப திரும்பி வரேக்கை, மச்சான்?"

அப்பா மேலே வைத்த பையை இன்னொருதரம் அழுத்திப் பார்த்தார். இறங்கிப் போய் அவருக்குப் பக்கத்தில் நின்று, பஸ் உறுமத் தொடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"முதல் பரிசை எடுத்துக்கொண்டு வரட்டும். சீற்றைப் பற்றி நாங்கள் ரெண்டு பேரும் இருந்து கதைப்பம்."

சாரதி கதவைச் சாத்தினார். தனுசியா நேராக முன்னே பார்த்தபடி இருந்தாள். பின் சீற்றில் மிருதங்கம் உறைக்குள் இருந்தபடியே மெல்ல ஒலிக்கத் தொடங்கியது. அவளுடைய கால்விரல்கள் செருப்புக்குள் தாளம் போட்டன.