கொயினா கொடுத்தவர்

1946இல் பட்டாளத்திலிருந்து திரும்பிய அலி அக்பர், ராயபுரத்து வீட்டில் பெட்டியை இறக்கிவைத்த மறுநாளே திருவொற்றியூர்க் குப்பத்துக்குப் போனார். பட்டாளத்தில் அவருடன் இருந்த செல்வத்தின் தாய் கன்னியம்மா அங்கே மணலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"எம்புள்ள சண்டைக்குப் பயந்து ஓடிப்பூட்டான்னு கடுதாசி வந்துச்சு பாய். அப்பால ஜெயில்லியே செத்தான்னு இன்னொண்ணு. நீ கூட இருந்தியாமே?"

"ஓடலமா. காய்ச்சல். பர்மாக் காட்டுல வழி தெரியாம மூணு நாள் வுழுந்து கெடந்தான். அதுக்கு மொத நாள் நான்தான் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திர குடுத்தேன்."

"அத்த அங்க சொன்னியா?"

அலி அக்பர் பி.ஏ. படித்தவர், பட்டாளத்தில் குமாஸ்தா. ராணுவ விசாரணை நடந்த கூடாரத்தில் தட்டச்சு செய்தவரே அவர்தான். செல்வத்துக்காகப் பேச நியமித்த வெள்ளைக்கார அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. செல்வம் இரண்டு முறை திரும்பி அலி அக்பரைப் பார்த்தான். கேட்காமல் வாயைத் திறந்தால் தன் பதவி போய்விடும் என்று அவர் தட்டிக்கொண்டே இருந்தார். ஏழு வருடத் தண்டனையை அடித்ததும் அவர் விரல்கள்தான்.

"சொல்லலமா. பயந்துட்டேன்."

கன்னியம்மா அழவில்லை, ஏசவும் இல்லை. "போ பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காக்கை விரட்டப் போனாள்.

துறைமுக அலுவலகத்தில் கிடைத்த வேலையை அவர் ஏற்கவில்லை. சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். "முப்பத்தி மூணு வயசுல இன்னா படிப்பு?" என்று மனைவி தாஹிரா கேட்டாள். பதில் சொல்ல முயன்று அவர் அழுதுவிட்டார். அதன்பின் அவள் கேட்கவில்லை.

கறுப்பு அங்கி போட்டதும் எழுதிய முதல் மனு, செல்வத்தின் பெயரிலிருந்து 'ஓடியவன்' என்ற சொல்லை நீக்கக் கோரி டெல்லிக்கு. எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: விசாரணை ஏடுகள் அழிக்கப்பட்டுவிட்டன, மறுபரிசீலனைக்கு இடமில்லை. அதைக் கன்னியம்மாவுக்குத் தமிழில் படித்துக்காட்டினார். அவள் காகிதத்தை வாங்கி, எழுத்துத் தெரியாதவள், நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதத்துக்குப் பின் அவளே அவர் வாசலில் வந்து நின்றாள். கூட ராயபுரம் சிலுவையம்மாள். துறைமுகக் கூலியான அவள் மகன் சந்தியாகுவை, வேலைநிறுத்தத்தில் பேசினான் என்று போலீஸ் பிடித்து, வழக்கே போடாமல் நாலு மாதமாக உள்ளே வைத்திருந்தது.

"இவ புள்ளைக்காவது பேசு நைனா" என்றாள் கன்னியம்மா. அன்றுதான் முதன்முதலாக அவரை நைனா என்றாள்.

அலி அக்பர் ஆட்கொணர்வு மனு போட்டார். உயர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று நிறுத்தாமல் பேசினார். காவலில் வைத்ததற்கான காரணத்தைச் சர்க்கார் தரப்பால் சொல்ல முடியவில்லை. விடுவிக்க உத்தரவாயிற்று. சிறை வாசலில் சிலுவையம்மாள் மகனின் முகத்தை இரு கைகளாலும் தடவித் தடவிப் பார்த்தாள்.

கன்னியம்மா அங்கே வரவில்லை. அலி அக்பர் குப்பத்துக்குப் போய்ச் சொன்னார்.

"நல்லது நைனா. இனிமேலாவது அவ சோறு துன்னுவா."

கரைக்குக் கட்டுமரங்கள் வந்துகொண்டிருந்தன. கூடையை எடுத்துக்கொண்டு அவள் எழுந்து போனாள்.  அந்த வாரமே அவர் செல்வத்துக்காக டெல்லிக்கு இன்னொரு மனு எழுதினார். அடுத்த வருடமும் எழுதினார்.

கன்னியம்மா 1955இல் இறந்தாள். முதல் மனுவுக்குப் பின் எழுதிய எதற்கும் அதுவரை பதில் வரவில்லை.