யாரால் என்று கேட்கிற பக்கம்

1

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவனிடம் கேட்டால் வாய் சுளுக்கிக்கொள்ளும். காதர்பேட்டைக்குள் நின்றுகொண்டு காதர்பேட்டைக்கு எப்படிப் போவது என்று போனைக் கேட்கிறார்கள். இரண்டடி தள்ளி நான் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். நாற்பது வருஷமாக அந்தப் பனியன் கடைச் சந்துகளில் தையல் மிஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவன். என்னைக் கேட்க மாட்டார்கள். போன் அவர்களை ஒரு முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்தும். அப்போதும் அதன்மேல் கோபம் வராது. நான் நிறுத்தியிருந்தால் என் ஆத்தாவை இழுத்துப் பேசியிருப்பார்கள்.

சரி. இந்தக் கதை எப்படி வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வெப்சைட்டில் ஒரே ஒரு வரி எழுதச் சொன்னார்கள். அந்த வரியை எழுத முடியாமல்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். கதை சுலபம். எவ்வளவு நீளமாகவும் சுற்றிக்கொண்டு போகலாம்.

என் பெயர் பழனிமுத்து. மிஷின் மெக்கானிக். படிப்பு ஐந்தாவது. அதற்கு மேல் படித்தவர்கள் கெடுத்த மிஷின்களைச் சரிசெய்துதான் சாப்பிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "அறிவு எனும் சுடரை ஏந்தி வந்தாள் ஆஷா."

(அடித்துவிட்டேன். அவள் ஏந்தி வந்தது ஒரு பழைய லேப்டாப். அதிலும் ஒரு பட்டன் கிடையாது.)

இரண்டாவது தொடக்கம்: "இயந்திரங்களின் இன்னிசை ஓய்ந்த மண்ணரையின் மதியப் பொழுதில்…"

(இதையும் அடித்தேன். மண்ணரை எங்கள் பகுதி, தெருவெல்லாம் பனியன் பட்டறை. மிஷின் சத்தத்தை இன்னிசை என்று எழுதுகிறவனைப் பிடித்து வந்து ஒரு ஷிப்டு உட்கார வைக்க வேண்டும்.)

உள்ளதைச் சொல்கிறேன். ஆஷா ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர் பார்க்கிற பெண். குடும்பம் நாகர்கோவில் பக்கம். இவள் பிறந்தது இங்கே. எங்கள் பேச்சுத்தான் பேசுவாள், கோபம் வந்தால் மட்டும் நாகர்கோவில் வெளியே வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, தொழிலாளிகளே எழுதுகிற ஒரு விக்கியைத் தொடங்கினாள். அந்த வீட்டு மிக்ஸிக்குக் கார்பன் மாற்றப் போன நான் மாட்டிக்கொண்டேன்.

"விக்கின்னா என்ன அம்மிணி?"

"யார் வேணும்னாலும் எழுதலாங்க தாத்தா. யார் வேணும்னாலும் திருத்தலாம்."

"அப்ப யாரு வேணும்னாலும் கெடுக்கலாம்."

"கெடுத்தா இன்னொருத்தர் வந்து சரி பண்ணுவாங்க."

"அந்த இன்னொருத்தனுக்கு ஊட்ல வேல இல்லியா?"

நீங்களும் ஒன்று தொடங்குவதாக இருந்தால், நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் ஒரு பெயர் பிடிக்க வேண்டும். பிறகு அதைக் குடிவைக்க எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் இடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். பிறகு அதற்கான மென்பொருளை ஏற்ற வேண்டும். அது ஓசி. ஓசி என்றதும் நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். எல்லாம் முடிந்ததும் வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது, 'வெற்றிகரமாக நிறுவப்பட்டது' என்று மட்டும் எழுதி. ஆஷா கை தட்டினாள். காலி வீட்டில் பால் காய்ச்சியதற்கு இவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் சதுர அடைப்புக்குறி. ஒரு சொல்லை இரண்டிரண்டு அடைப்புக்குள் போட்டால் அது இன்னொரு பக்கத்துக்கு வாசல் ஆகிவிடும். அவள் [[ஓவர்லாக் மிஷின் விபத்துகள்]] என்று அடித்தாள். சிவப்பாக வந்தது.

"தப்பாப் போச்சா?"

"இல்லீங்க. அந்தப் பக்கத்த இன்னும் யாரும் எழுதலைன்னு அர்த்தம். நீங்கதான் எழுதோணும்."

3

இந்த இடத்தில் கதைக்கு ஒரு பெண் வேண்டும். கதை எழுதுகிறவர்கள் அவளை அழவைத்துக் கூட்டி வருவார்கள். சித்ராதேவி அழவில்லை. வந்து, எனக்கு வைத்திருந்த முறுக்கை எடுத்துக் கடித்தாள்.

சங்கரன்கோவில்காரி. பதினாறு வருஷம் ஓவர்லாக் டெய்லர், துணி ஓரங்களைச் சேர்த்து அடிக்கிற மிஷின். இரண்டு வருஷம் முன்னால் ஊசி அவள் இடது ஆள்காட்டி விரலில் இறங்கி எலும்பில் ஒடிந்தது. விரல் ஆறிவிட்டது, கொஞ்சம் வளையாது, அவ்வளவுதான். ஆறாதது கம்பெனி எழுதிய சொல்: 'கவனக்குறைவு'. எந்தக் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனாலும் பழைய இடத்துக்குப் போன் போடுகிறார்கள், அந்தச் சொல் வந்துவிடுகிறது. இப்போது அவள் கைமடி. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுக்கிற வேலை. நேற்று தைக்கப் பழகிய பெண் இவளைப் பார்த்து "சீக்கிரம்க்கா" என்கிறாள்.

"வெரலு கெடக்குது அண்ணாச்சி, வெரலு" என்றாள். "இப்பமும் என்னால ஒரு நாளுல எவ்வளவு தைக்க முடியும்னு உங்களுக்குத் தெரியும். கவனமில்லாதவன்னு எழுதி வச்சிருக்கானுவ பாருங்க, அதத்தான் தாங்க முடியல."

பெருமாநல்லூரில் ஒரு லைன் இன்சார்ஜ் அம்மா, மிஷின் தெரிந்த ஆள் யாராவது பெயரோடு எழுதியிருந்தால் படித்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாளாம். அடுத்த திங்கட்கிழமை புது லைனுக்கு டெய்லர் எடுக்கிறார்கள்.

ஊசி இறங்கிய அன்று சித்ராதேவி லைனுக்கு மெக்கானிக் யார் என்று நீங்கள் கேட்கவில்லை. நல்லது.

4

நான் எழுதிய வரி: 'அன்று அந்த மிஷினில் கார்டு கழற்றப்பட்டிருந்தது.'

ஓவர்லாக்கில் ஊசிக்கு முன்னால் ஒரு சின்னக் கம்பி இருக்கும். விரல் ஊசிக்குக் கீழே போகாமல் அது தடுக்கும். அதைத்தான் நாங்கள் கார்டு என்போம். வரி ஏறிய ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் இருக்கிற பேச்சுப் பக்கத்தில் மாரிச்செல்வம் என்று ஒருவன் கேட்டான்: "எந்தக் கார்டுங்க? ஆதாரா, ரேஷனா? மிஷினுக்கு எதுக்குங்க கார்டு?"

ஆஷா அதை 'விரல் காப்பு' என்று மாற்றினாள். அதற்கும் அவனே வந்தான்: "காப்புக் கட்டி நோம்பி சாட்டுனாங்களா?"*

கடைசியில் 'விரலை மறைக்கிற கம்பி' என்று நின்றது. இந்த ஒரு திருத்தத்தில் மட்டும் விக்கிக்காரர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருந்தது.

மறுநாள் பார்த்தால் என் வரிக்குப் பின்னால் பொடி எழுத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது: கழற்றப்பட்டிருந்தது [யாரால்?]

அழித்தேன். திரும்ப வந்தது. அழித்தேன். மூன்றாம் தடவையும் வந்தது.

"எந்தக் கருமம் புடிச்சவன் அம்மிணி இத ஒட்டறது?"

"வரலாறுன்னு ஒரு பட்டன் இருக்குதுங்க. அமுக்கிப் பாருங்க."

யார், எப்போது, எதைப் போட்டார், எதை எடுத்தார், அத்தனையும் அதில் இருந்தது. அழித்ததுகூட அழியவில்லை. பழனிமுத்து 'யாரால்' என்பதை நீக்கினார். பழனிமுத்து 'யாரால்' என்பதை நீக்கினார். பழனிமுத்து 'யாரால்' என்பதை நீக்கினார். நடுநடுவே அதைச் சேர்த்தவர் பெயர்: சித்ராதேவி.

போன் போட்டேன்.

"நீயாம்மா?"

"நாந்தான் அண்ணாச்சி. சும்மா கழற்றப்பட்டிருந்ததுன்னு வுட்டா, இவளே கழத்திப் போட்டுருப்பான்னு சொல்லிருவாங்க. கொஞ்சப் பேரு அப்படிச் செய்யிறதுதான? நான் செய்யல."

_______
* எங்கள் ஊரில் காப்பு என்றால் மாரியம்மன் கோயில் நோம்பி, அதாவது திருவிழா, சாட்டும்போது கையில் கட்டுவது. மாரிச்செல்வம் யாரென்று இன்றுவரை தெரியாது. வேலைவெட்டி இல்லாதவன் என்று மட்டும் தெரியும்.

5

ஊசி இறங்கிய அன்று காலை கப்பலுக்கு அனுப்ப வேண்டிய சரக்கு நின்றுபோயிருந்தது. கம்பி இருந்தால் நூல் மாற்ற நேரமாகிறது என்று மேலேயிருந்து சொன்னார்கள். இரண்டே திருகு. திருப்புளி யார் கையில் இருந்தது என்றால்

(இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன்.)

தமிழில் ஒரு தொல்லை இருக்கிறது. 'பட்டது' என்று முடித்தால் யாருமே செய்யாமல் காரியம் நடந்துவிடும். அதை எடுத்துவிட்டால் சொல்லுக்கு ஒரு வால் வேண்டும், வாலில் ஆள் வந்து உட்கார்ந்துவிடுவான். கழற்றினார்கள் என்றால் ஊரே கழற்றியது. கழற்றினார் என்றால் முதலாளி. அவர் பிறந்ததிலிருந்து திருப்புளி பிடித்ததில்லை. கழற்றினாள் என்றால் கம்பெனிக்குக் கொண்டாட்டம். இன்னொரு வால் இருக்கிறது.

எழுதினால் என்ன ஆகும் என்கிறீர்கள். இன்றைக்கும் மண்ணரையில் பத்துப் பன்னிரண்டு பட்டறைகள் என்னைத்தான் கூப்பிடுகின்றன. உள்ளே நடந்ததை வெளியே எழுதுகிற மெக்கானிக்கை எவனும் வாசல் ஏற்ற மாட்டான். பகல் முழுக்க வீட்டில் உட்கார வேண்டும். வீட்டில் என் பெண்டாட்டி பொன்னாத்தாள் இருக்கிறாள். அவளுக்கும் இது தண்டனைதான்.

6

வேறு முடிவுகள்:

கிழவன் கண்ணீர் விட்டு ஒப்புக்கொள்கிறான், அவள் மன்னிக்கிறாள். (சித்ராதேவி மன்னிக்கிற ஆள் இல்லை. முறுக்கைக்கூடத் திருப்பித் தரவில்லை.)

லேப்டாப் புகைந்துபோகிறது, வரலாறு பட்டனோடு சேர்ந்து. (எல்லாம் வேறு எங்கேயோ வாடகை இடத்தில் இருக்கிறதாம். ஆஷாவிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன்.)

கிழவன் அந்த வரிக்குப் பதிலாக ஒரு கதை எழுதுகிறான். கதைக்குள் புகுந்து எவனும் [யாரால்?] என்று ஒட்ட முடியாது.

இந்த மூன்றாவதைத்தான் செய்தேன். எழுதி ஆஷாவிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தாள்.

"அடிச்சதெல்லாம் அப்படியே வுட்டு வெச்சிருக்கீங்களே தாத்தா. இதுவும் வரலாறு பட்டன்தானுங்க."

7

இன்று ஞாயிற்றுக்கிழமை மதியம். நாளைக்குப் பெருமாநல்லூரில் ஆள் எடுக்கிறார்கள். சித்ராதேவி வந்தாள், கதையைப் படித்தாள். இந்தத் தடவை முறுக்கைத் தொடவில்லை.

"கத நல்லாத்தான் இருக்கு. பெருமாநல்லூர்க்காரி கத படிக்க மாட்டா அண்ணாச்சி."

"திருப்புளி ஆரு கையில இருந்துச்சுன்னு உனக்கு…"

"தெரியாமலா? நீங்க திருகு கழத்துறதுக்கு நாந்தான எந்திரிச்சி எடம் வுட்டேன்."

"அப்பறம் என்னம்மா? நீயே எழுதியிருக்க வேண்டீதுதான?"

"கவனமில்லாதவ எழுதினா எவ நம்புவா? உங்க பேர்ல வரணும்."

ஆஷா லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். என் பெயரில் உள்ளே போனேன். 'தொகு' என்பதை அமுக்கினேன். 'பட்டிருந்தது' என்பதை எடுத்தேன். 'அன்று அந்த மிஷினில் விரலை மறைக்கிற கம்பியைக் கழற்றின' என்பது வரை அடித்தேன். அதற்கு மேல் விரல் போகவில்லை. எனக்கு விரலில் ஒரு குறையும் கிடையாது.

"டீ குடிச்சுட்டு வர்றேன்" என்று எழுந்தேன்.

"தாத்தா, 'வெளியேறு'ங்கறத அமுக்காம போறீங்களே? யாரு எதத் தட்டுனாலும் உங்க பேர்லதான் ஏறும்!"

"எனக்கு அஞ்சாவதுதான் அம்மிணி. அந்த பட்டனெல்லாம் தெரியாது."

நான் எழுந்த நாற்காலியை சித்ராதேவி பார்த்தாள். அன்று அவள் எழுந்து எனக்கு இடம் விட்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் தட்டுகிற சத்தம். என்ன வால் என்று திரும்பிப் பார்க்கவில்லை. நான் திரும்பிப் போய் அதையும் நீக்க மாட்டேன் என்று உங்களுக்கு யார் சொன்னது?

யார் வேண்டுமானாலும் திருத்துகிற ஒரு பொருள் உருப்படும் என்று நான் இன்னமும் நம்பவில்லை. நீங்கள் நம்புகிறவராக இருந்தால், நான் விட்ட இடம் வரைக்கும் வரி கீழே இருக்கிறது. நான் போகிறேன், டீ ஆறிவிடும்.

அன்று அந்த மிஷினில் விரலை மறைக்கிற கம்பியைக் கழற்றின