கூட்ஸ் டிரைவர் சுற்றுலா போன கதை

ரயில் இன்னும் ஊர் எல்லையைத் தாண்டவில்லை, அதற்குள் டிரைவர் நாலைந்து முறை எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆயுசு முழுக்க கூட்ஸ் வண்டி ஓட்டிய மனிதரைப் பிடித்து ஜன்னலோரம் உட்கார வைத்து, மடியில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தையும் கொடுத்து, வேடிக்கை பாருங்கள் என்றால் அவர்தான் என்ன செய்வார்? வேடிக்கை பார்ப்பதும் பழக்கத்தில்தானே வரும். வெளியே மரம், மலை, ஆடு, மாடு எதுவும் அவர் கண்ணில் படவில்லை. சிக்னல் மட்டும் பட்டது. அதுவும் பக்கவாட்டில், பாதி பாதியாக.

"பிரேக்கை எவ்வளவு லேட்டா போடுறான் பாரு," என்று முணுமுணுத்தார்.

"அவர் வண்டியை அவர் ஓட்டட்டும். நீங்க உட்காருங்க," என்றாள் மனைவி.

அவள் நல்ல புடவை கட்டி, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க மாட்டாமல்தான் அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காரணம் இருக்கிறது. இந்த மாதக் கடைசியில் அவருக்குப் பணி ஓய்வு. கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தேதியைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றாலும் தப்பில்லை. ஊர் தூங்கும்போது இவர் வண்டி ஓட்டுவார், ஊர் விழித்திருக்கும்போது தூங்குவார். படுக்கையறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. பகலெல்லாம் அந்த வீட்டில் பாத்திரம்கூட சத்தம் போடக் கூடாது. மகள் நடக்கப் பழகியதே நுனிக்காலில்தான். அந்த மகளின் கல்யாணத்துக்கே இவர் வந்து சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. இப்போது மகள் வேறு ஊரில் இருக்கிறாள்.

போன மாதம் மனைவி அந்தக் கறுப்புத் துணியைக் கழற்றி எறிந்தாள். அவள் ஏணியில் நின்று ஆணியைப் பிடுங்க, இவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு முந்தின வாரம்தான் டிப்போவில் கூப்பிட்டு, ஆள் பற்றாக்குறை, இன்னும் இரண்டு வருஷம் ஓட்டுகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். கேட்டு முடிப்பதற்குள் இவர் சரி என்றிருந்தார். அதை வீட்டில் சொல்லவில்லை. ஏணியைப் பிடித்தபோதும் சொல்லவில்லை, அவள் இந்த ஒருநாள் சுற்றுலாவுக்குப் பதிவு செய்தபோதும் சொல்லவில்லை. நாளைக் காலையில் கண், காது, இதயம் என்று மருத்துவப் பரிசோதனை. விடிந்ததும் வீட்டைவிட்டுக் கிளம்பினால் எங்கே என்று கேட்காமல் இருப்பாளா? இன்று இரவு வீடு திரும்புவதற்குள் சொல்லியே ஆக வேண்டும்.

ஏன் சரி என்றீர் ஐயா? பயம், அவ்வளவுதான். பகல் வெளிச்சத்தில் அந்த வீட்டில் என்ன செய்வது, மனைவியோடு என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியாது.

சுற்றுலாவை நடத்திய அம்மாள் வாட்டசாட்டமானவர், தலையில் பெரிய தொப்பி. வழக்கமாக ஓடும் எக்ஸ்பிரஸ் வண்டிகளில் இரண்டிரண்டு பெட்டிகளை இந்தக் கூட்டத்துக்காக ஒதுக்கியிருந்தார்கள். காலையில் குகைகள், மதியம் கோட்டை, சாயங்காலம் மலைமேல் ஒரு அரண்மனை. ஒவ்வொரு இடத்துக்கும் இறங்குவது, பார்ப்பது, அடுத்த வண்டியைப் பிடிப்பது. அந்த அம்மாள் பெட்டியின் நடுவில் நின்று இரண்டு கொடிகளை எடுத்துக் காட்டினார்.

"கவனமா கேட்டுக்கோங்க. பச்சைக் கொடி காட்டினா அவங்கவங்க இஷ்டப்படி சுத்திப் பார்க்கலாம். சிவப்புக் கொடியை ஆட்டினா எங்க இருந்தாலும் என்கிட்ட ஓடி வந்துடணும்."

டிரைவர் துள்ளி எழுந்தார். "சிவப்புக்கு ஓடி வர்றதா? அது எந்த ஊர் நியாயம்?"

"தூரத்துல இருந்து பளிச்சுன்னு தெரியும் சார். அதான்."

"தெரியறது எதுக்கு? நிக்கறதுக்கு."

பெட்டியே சிரித்தது. எதிர் சீட்டிலிருந்த பல் டாக்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மனைவி இவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அதிலிருந்து அந்த அம்மாளுக்குக் கொடியம்மா என்று பெயர் நிலைத்துவிட்டது.

குகைகளில் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். இருட்டாக இருந்தது, முகம் தெரியாது, வசதிதான். மனைவி சுவரில் செதுக்கியிருந்த யானைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தா, உன்கிட்ட ஒண்ணு…" என்று தொடங்கினார். "சார், இந்த யானைக்கு ஏன் தந்தம் இல்ல?" என்று பல் டாக்டர் நடுவில் புகுந்தார். பல் விஷயம் என்றால் அவரைப் பிடிக்க முடியுமா? உடைந்ததா, செதுக்கவே இல்லையா, அந்தக் காலத்தில் பல்வலிக்கு என்ன செய்தார்கள் என்று கொடியம்மாவின் உயிரை வாங்கினார். டிரைவர் சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு வெளியே போய் உலாத்தினார்.

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வேறு ஒரு கூத்து. வண்டி வந்து நின்றதும் இவர் மனைவியை விட்டுவிட்டு பிளாட்பாரத்தின் முனைக்கு ஓடுவார். எஞ்சின் டிரைவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, முதல் பெட்டியில் தொற்றி, உள்ளுக்குள்ளேயே நடந்து வந்து சேருவார். முதல் தடவை மனைவி பதறினாள். அடுத்த தடவை, "எங்க போயிடப் போறாரு, எஞ்சினைக் கொஞ்சிட்டு வருவாரு," என்று பல் டாக்டரின் மனைவியிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தாள்.

கோட்டையில் நிழலாக ஒரு மண்டபத்தில் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். இரண்டு பேரும் தனியாகத்தான் இருந்தார்கள். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. அவர் தொண்டையைக் கனைத்தார்.

மனைவி முந்திக்கொண்டாள். "பகல்ல நாம ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு? எனக்கு ஞாபகமே இல்லங்க. இனிமே தினமும் இப்படித்தான். நீங்க சலிச்சுக்கிட்டாலும் விடமாட்டேன்."

தண்ணீர் குடித்தார். "கால் மரத்துப் போச்சு, கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்," என்று எழுந்துபோய் மதில் ஓரமாகச் சுற்றிச் சுற்றி வந்தார். கோட்டை கட்டிய ராஜா யார், எவன் முற்றுகை போட்டான், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. தன்மேலேயே அவருக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. பாறை மாதிரி கனக்கும் வண்டியை மலைச்சரிவில் இறக்கியவன், ஒரு பொம்பளையிடம் ஒரு வார்த்தை சொல்ல இந்தப் பாடு படுகிறானே!

சாயங்காலம் அரண்மனை. கொடியம்மா பச்சைக் கொடி காட்ட, மனைவி பல் டாக்டரின் மனைவியோடு ராணிகளின் குளியலறையைப் பார்க்கப் போனாள். இவர் மேல்மாடத்துக்குப் போனார். அங்கிருந்து கீழே தண்டவாளம் தெரிந்தது. அதுதான் அவர் பார்த்த அரண்மனை. அந்த நேரம் பார்த்து டிப்போ குமாஸ்தா போன் செய்தார்.

"அண்ணே, காலையில ஆறு மணிக்கு வந்துடுங்க. கண் டெஸ்ட் முதல்ல. நல்லா தூங்கிட்டு வாங்க."

"வந்துடறேன்," என்றார். வண்டிக்கு நேரமாகிவிட்டது. கூட்டத்தோடு படியிறங்கி, வளைந்த சாலையில் ஊர்ந்து போக அவருக்குப் பொறுமை இல்லை. மனைவிக்கு முன்னால் ஸ்டேஷனுக்குப் போய் ஒரு பெஞ்சைப் பிடித்து, அவள் வந்து உட்கார்ந்ததும் சட்டென்று சொல்லிவிடுவது என்று ஒற்றையடிப் பாதையில் விறுவிறுவென்று இறங்கினார். பாதை தண்டவாளத்தில் போய் முடிந்தது. எதிர்ப்புறத்தில், கொஞ்ச தூரத்தில் பிளாட்பாரம். குறுக்குவழி என்று நினைத்தது சுற்றுவழியாகிவிட்டது, கூட்டம் அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. தண்டவாளத்தை ஒட்டி நடக்கத் தொடங்கினார்.

பிளாட்பார முனையிலிருந்து கொடியம்மா அவரைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் சிவப்புக் கொடியை எடுத்து வீசு வீசென்று வீசினார்.

மற்றவர்கள் என்றால் ஓடியிருப்பார்கள். காலையில் கொடியம்மா சொன்னது இவருக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் காலடியில் தண்டவாளம், எதிரே சிவப்புக் கொடி. அவர் கால் அப்படியே நின்றுவிட்டது. முன்னால் என்ன ஆபத்து, பாதை உடைந்திருக்கிறதா, யாராவது விழுந்து கிடக்கிறார்களா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். கொடியம்மா இன்னும் வேகமாக வீசினார். வேகமாக வீசினால் ஆபத்து பெரிது என்று அர்த்தம். இவர் இன்னும் அழுத்தமாக நின்றார், போதாக்குறைக்குக் கொடியைப் பார்த்துவிட்டேன் என்று இரண்டு கையையும் வேறு தூக்கிக் காட்டினார். கையை ஆட்டுகிறார், வருகிறார் என்று கொடியம்மா நினைத்துக்கொண்டார். ரயில்காரர் ரயிலைத் தவறவிடுவாரா என்ன?

எக்ஸ்பிரஸ் வந்து இருவருக்கும் நடுவில் நின்றது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஓடினார். இந்தப் பக்கத்துக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. ஒரு கதவைத் தட்டினார், யாரும் திறக்கவில்லை. கடைசிப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு பிளாட்பாரத்தில் ஏறுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ஓடும் வண்டியில் தொற்றுபவர்கள் என்ன ஆவார்கள் என்று கண்ணால் பார்த்தவர் அவர். தொற்றவில்லை. மூச்சு வாங்க நின்றார்.

சற்று நேரத்தில் மனைவியிடமிருந்து போன். "எஞ்சின்காரர்கிட்ட பேசி முடிச்சாச்சா? டீ வந்திருக்கு, ஆறிப் போகுது."

"நான் வண்டியில இல்ல."

"என்னது?"

"விட்டுட்டேன். பிளாட்பாரத்துல நிக்கிறேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்ல, அங்கே எல்லாரும் சிரிப்பது கேட்டது. அவள் முகம் எதிரே இல்லாததாலோ என்னவோ, நாள் முழுக்க வராத வார்த்தை அப்போது தானாக வந்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். டிப்போல இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டச் சொன்னாங்க. சரின்னுட்டேன்."

சிரிப்பு நின்றது. "எப்போ?"

"போன மாசம்."

"துணியைக் கழட்டினதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே," என்றாள். அவள் குரல் உயரவில்லை, அழவும் இல்லை. "சரி. நம்ம ஊர்ல நான் இறங்கப் போறதில்ல. இந்த வண்டி பொண்ணு ஊர் வரைக்கும் போகுது. அங்க போறேன். நீங்க நாளைக்கு வண்டிக்குப் போங்க."

போனை வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டார், எடுக்கவில்லை.

டிக்கெட் கவுண்டரில் விசாரித்தார். மகள் ஊர்ப் பக்கம் இனி காலையில்தான் வண்டி. பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். உட்கார்ந்தார், எழுந்தார். பொழுது சாயும் நேரத்தில் ஒரு கூட்ஸ் வந்து பக்கத்துப் பாதையில் நின்றது. எஞ்சினிலிருந்து எட்டிப் பார்த்தவன் அவர் டிப்போக்காரன்தான்.

"அண்ணே, நீங்க இங்க என்ன பண்றீங்க? ஊருக்குத்தானே? ஏறுங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்ல இருப்பீங்க."

யோசிப்பதற்குள் அவர் கை ஏணிக் கம்பியைப் பிடித்திருந்தது, ஒரு கால் படியில் இருந்தது. எஞ்சின் உறுமல் கம்பி வழியாகக் கைக்கு ஏறியது. காலையிலிருந்து அடித்துக்கொண்ட மனசு அந்த நொடியில் அடங்கிவிட்டது. என்ன சுகம் அது! அந்தச் சுகத்தைக் கண்டுதான் அவர் பயந்தார். இத்தனை வருஷமும் வேலை, வேலை என்று சொல்லி ஓடியதெல்லாம் இதற்காகத்தானா? வெட்கமாக இருந்தது. காலைக் கீழே எடுத்தார்.

"நீ போப்பா. எனக்கு வேற ஊர் போகணும்."

கூட்ஸ் போனதும் டிப்போ குமாஸ்தாவுக்குப் போன் செய்தார். "நாளைக்கு டெஸ்ட்டுக்கு நான் வரல. ரெண்டு வருஷமும் வேண்டாம். என் பேரை அடிச்சுடு."

"என்னண்ணே, யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சா மாத்திச் சொல்லிடுவேன். அடிச்சுடு."

பிறகு மனைவியைக் கூப்பிட்டார். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் சக்கரச் சத்தம் கேட்டது. ஊரைத் தாண்டிவிட்டாள் என்று அவருக்குப் புரிந்தது.

"வேண்டாம்னு சொல்லிட்டேன். டிப்போவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். காலை வண்டிக்கு அங்க வர்றேன்."

 

"பொண்ணு பொறந்தப்போ போன்ல விசாரிச்சீங்க," என்றாள். "எங்கம்மா செத்தப்பவும் போன்லதான் அழுதீங்க. அந்த ரெண்டு வருஷத்தையும் போன்ல சொன்னீங்க, இப்ப இதையும் போன்லதான் சொல்றீங்க. வந்து என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க. நம்பறதா வேண்டாமான்னு அப்போ பார்த்துக்கறேன்."