இன்னிக்கு ஒரு நாள் நிக்கும்

விசாரணை அதிகாரி சிரித்துவிட்டார். சூசைமேரிக்கு முதலில் காரணம் விளங்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு உப்புக் கொட்டகை சரிந்து அவள் புருஷன் கஸ்பார் செத்துப்போனான். காற்றில் விழுந்தது என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போதுதான் அதை விசாரிக்கிறார்கள். உத்திரம் விரிசல் விட்டிருக்கிறது என்று கஸ்பார் அன்று காலை மேஸ்திரியிடம் சொன்னதையும், “இன்னிக்கு ஒரு நாள் நிக்கும், போ” என்று மேஸ்திரி அவனை உள்ளே விரட்டியதையும் பக்கத்தில் நின்று கேட்டவள் அவள். அதைத்தான் சொன்னாள்.

“போன வாரம் டிவியில வந்த வசனமாச்சேம்மா இது” என்றார் அதிகாரி. “நாடகத்த பாத்துட்டு வந்து சாட்சி சொன்னா எப்படி? திங்கக்கிழமை வா. வேற ஆதாரம் இருந்தா எடுத்துட்டு வா.”

மேஸ்திரியும் செத்து ஒரு வருஷமாகிறது. வேறு ஆதாரத்துக்கு எங்கே போவது?

அந்த நாடகத்தைக் கோயில் ஹாலில் ஊரோடு சேர்ந்து அவளும் பார்த்திருந்தாள். உப்பளத்துக்கு ஒரு நிருபன் வருகிறான். பத்திரிகை முதலாளி தடுக்க, வேலையை உதறிவிட்டு உண்மையை எழுதுகிறான். மேஸ்திரி கைக்கு விலங்கு விழுகிறது. நிருபன் பூட்ஸ் காலோடு உப்புப் பாத்திக்குள் இறங்கியபோது பெண்கள் கத்திவிட்டார்கள். நாள் கணக்கில் வெறுங்காலால் மிதித்து மிதித்து இறுக்கிய தரை அது. “நம்ம பாத்தியா இருந்தா கால ஒடிச்சிருப்பேன்” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குப்பம்மாள். பிறகுதான் கஸ்பாரின் சாவு வந்தது, மேஸ்திரி சொன்ன அதே வார்த்தையோடு.

நாடகத்தை எழுதியவர் சகாதேவன். கொட்டகை விழுந்த மறுநாள் மெட்ராஸிலிருந்து வந்த நிஜ நிருபர். வரப்பில் நின்றபடியே, கஸ்பாரை உள்ளே விரட்டியதைப் பற்றி மேஸ்திரி உளறியதை நோட்டில் எழுதிக்கொண்டு போனார். பேப்பரில் ஒரு வரிகூட வரவில்லை.

ஞாயிறு காலை அவருக்குக் கோயில் ஹாலில் பாராட்டு. மாலை போட பங்குச் சாமியார் சூசைமேரியைத்தான் கூப்பிட்டார். அவள் மாலையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“அந்த நோட்டு இருக்குதுங்களா?”

“பத்திரமா இருக்கும்மா. அத வெச்சித்தான் நாடகமே எழுதுனேன்.”

“மேஸ்திரி சொன்னது அதுல இருக்குது. நாளைக்கு வந்து ஆபீசர்கிட்ட காட்டுங்க.”

சகாதேவன் சாமியாரைப் பார்த்தார். “அப்பவே ஏன் பேப்பர்ல போடலன்னு கேப்பாங்கம்மா. அது எமர்ஜென்சி நேரம். இப்ப நான் சர்க்கார் வேலையில இருக்கேன். நாடகத்துக்கு முன்னாடியே எல்லாம் கற்பனைன்னு கார்டு போட்டோமே.”

“கஸ்பாரும் கற்பனைங்களா?”

“அப்படி இல்ல. பத்திரிகைன்னா இப்படி இருக்கணும்னு ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை…”

“உங்க நாடகத்து ஆளு வேலைய விட்டுட்டு எழுதுறானே, அத யார பாத்து எழுதுனீங்க?”

“வரப்புல நின்னு பாத்து எழுதுனாரு” என்றாள் பின்வரிசையிலிருந்து குப்பம்மாள். பெண்கள் சிரித்தார்கள். சகாதேவன் முகம் கறுத்தது.

“சூசை, மாலைய போடும்மா” என்றார் சாமியார்.

“நான் காதால கேட்டத நீங்க வசனமாக்கிட்டீங்க. இப்ப நான் சொன்னா சிரிக்கிறாங்க. பரவாயில்ல சாமி, நாளைக்கும் போயி அதேதான் சொல்லப்போறேன்.”

மேடை ஓரத்தில் டிவிப் பெட்டி இருந்தது. மாலையை அதற்குப் போட்டுவிட்டு அவள் இறங்கிப் போனாள்.