கரைமேல் மூவர்

கண்ணுக்கு எட்டாததைக் காணும் பேறு இப்பூவுலகில் மகான்களுக்கே வாய்க்கும் என்று தேவராஜன் நம்பினார். மகான்களுக்கு அடுத்தபடியாக அது மூர் மார்க்கெட்டில் ஒரு பாயின் பழைய சாமான் கடையில் விலைக்குக் கிடைத்தது. பழைய பூட்டுகளுக்கும் கிராமபோன் ஊசிகளுக்கும் நடுவே இரண்டு துப்பாக்கித் தொலைநோக்கிகள் கிடந்தன.

தேவராஜன் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையின் ஸ்டோர்ஸ் அதிகாரி. ஆலையின் ரைபிள் கிளப்புக்குச் செயலாளர். திருவள்ளூரில் கோயில் கைங்கரியக் குடும்பம். அந்த 1976 தை மாதப் போட்டியில் முதலில் வருபவருக்கு மாநில அணியில் இடம், டில்லிப் பயணம். அடுத்த வருடம் அவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும். டில்லிக் குளிருக்கென்று கம்பளிக் கோட்டு தைத்தாகிவிட்டது. அதை ஆலையில் எல்லோரும் பார்த்துமாகிவிட்டது.

துணைக்கு வந்த ஃபிட்டர் குப்பன் பழவேற்காட்டுக்காரர். இரண்டையும் எடுத்துப் பார்த்தார்.

“சார், இந்தச் சின்னது போதும். நாலு மடங்கு காட்டுது.”

“பத்து மடங்கு இருக்கச்சே நாலு எதுக்குய்யா?”

“பத்துன்னா நம்ம கை ஆட்டமும் பத்தாத் தெரியும் சார். பேஜாராப் பூடும்.”

“என் கை ஆடாது.”

வெள்ளிக்கிழமை ராகுகாலம் கழியக் காத்திருந்து பொருத்தினார்கள். குப்பன் லேத்தில் கடைந்த இரண்டு வளையங்களைத் துப்பாக்கிமேல் திருகினார். எதிர்ச்சுவரில் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, கண்ணாடிக்குள் இருந்த நெட்டுக்கோடு நூலோடு ஒட்டும்வரை குழலைத் திருப்பினார். கண் வைக்கும் முனையில் ஒரு கறுப்பு ரப்பர் கிண்ணம் புருவத்தில் வந்து உட்கார்ந்தது.

“அதைக் கழட்டிடு. திருமண்ல படறது.”

“வெளி வெளிச்சம் உள்ள வராம இருக்கத்தான் சார் அத்த வச்சிக்கிறாங்கோ.”

“கார்த்தால இட்டுண்டது கலையப்படாது. கழட்டு. குழலையும் ஒரு விரற்கடை முன்னாடி தள்ளு.”

குப்பன் கழற்றி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை. ஆலைக்குப் பின்னால், மேற்கே, ஏரிக்கரை. கரையடியில் ஐம்பது மீட்டரில் அட்டை. முதுகுக்குப் பின்னால் சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. தேவராஜன் கோணிமேல் குப்புறப் படுத்துக் கண்ணை வைத்தார்.

அட்டைக்கு மேலே, கரையில், மூன்று பேர் நின்றார்கள். இரண்டு பேர் வெள்ளையில், நெடுநெடுவென்று. நடுவில் ஒருத்தி சிவப்பில். முகம் இல்லை. கால்கள் கீழே ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

தலையைத் தூக்கினார். கரை காலி. ஒரு கொக்கு மட்டும். மறுபடி குனிந்தார். நின்றுகொண்டிருந்தார்கள்.

“குப்பா, கரைமேல யாரு?”

“ஒர்த்தரும் இல்லியே சார்.”

“இதுல பாரு.”

குப்பன் படுத்துப் பார்த்தார். “புல்லு தெரியுது. நண்டு வளை தெரியுது. ஆளு இல்ல.”

தேவராஜன் மீண்டும் படுத்தார். அவர் மூச்சு வாங்கினால் மூவரும் லேசாக அசைந்தார்கள். அடக்கினால் அசையாமல் நின்றார்கள். அவர் இடப்பக்கம் சாய்ந்தபோது மூவரும் சாய்ந்தார்கள். வேலை முடிந்து, முகம் கழுவிக்கொண்டு மாலையில் வந்து பார்த்தால் கரை சுத்தமாக இருந்தது. காலையில்தான் வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டார்.

கேட் ஓரம் கூழ் விற்கும் கங்கம்மாளிடம், யாருக்கோ விசாரிப்பதுபோல, வெள்ளையில் இரண்டு பேர், நடுவில் சிவப்பில் ஒருத்தி என்று யாராவது அந்த ஏரியில் செத்தார்களா என்று கேட்டார்.

“மூணு பேரு சார். அண்ணன் தம்பி ரெண்டு பேரு, நடுவுல கல்யாணப் பொண்ணு.”

“எப்போ?”

“யாருக்கு சார் தெரியும்? நீ கேட்ட, சொன்னேன்.”

அன்றிரவு அவர் தூங்கவில்லை. விடியுமுன் குளித்து, காப்பாக இருக்கட்டும் என்று திருமண்ணை வழக்கத்தைவிடத் தடிமனாக இட்டுக்கொண்டு, நடுவே ஸ்ரீசூர்ணச் சிவப்பையும் அழுத்தித் தீட்டிக்கொண்டு போனார். மூவரும் முந்தைய நாளைவிடப் பருத்திருந்தார்கள். கிட்டே வந்துவிட்டாற்போல் பட்டது. மறுநாள் இன்னும் தடிமனாக இட்டார். அவர்கள் இன்னும் கிட்டே வந்தார்கள்.

“மாசம் பூரா வர்ற திருமண் கட்டி ஒரு வாரத்துல தேஞ்சுடுத்தே. சுவத்துக்கு அடிக்கறேளா?” என்று கேட்டாள் மனைவி அம்புஜவல்லி.

அவர் கம்பளிக் கோட்டைப் பார்த்துக்கொண்டே காப்பியைக் குடித்தார்.

போட்டியன்று காலை ஆலை முதலாளி, போலீஸ் இன்ஸ்பெக்டர், ஷாமியானா, நாதஸ்வரம். நடுவர் சாலமோன், ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். செவ்வாப்பேட்டையிலிருந்து வந்த குமாஸ்தா அரசப்பன் தொலைநோக்கியே இல்லாத துப்பாக்கியோடு பக்கத்துக் கோணியில் படுத்திருந்தார். தேவராஜனின் நெற்றி அன்று ஷாமியானாவிலிருந்தே தெரிந்தது.

பத்துக் குண்டு, பதினைந்து நிமிடம். தேவராஜன் கண்ணை வைத்தார். மூவரும் அட்டையின்மேலேயே நின்றார்கள். சுட்டால் அவர்கள்மேல்தான் பாயும்.

விரல் விசையில் இருந்தது. டில்லி இருந்தது. விரல் மடங்கவில்லை.

“நிறுத்துங்கோ. கரைல ஆள் நிக்கறா,” என்றார்.

சாலமோன் விசில் ஊதினார். நாதஸ்வரம் நின்றது. நான்கு கான்ஸ்டபிள்கள் முட்புதர்களைத் தடியால் அடித்துக்கொண்டு கரை நெடுகப் போய்வந்தார்கள். ஒரு ஆடுதான் அகப்பட்டது. அந்த நேரமெல்லாம் தேவராஜன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். கான்ஸ்டபிள்கள் அந்த மூவருக்கும் ஊடாக நடந்து போனார்கள்.

குப்பன் வந்து பக்கத்தில் குந்தினார். சட்டைப்பையிலிருந்து ரப்பர் கிண்ணத்தை எடுத்து முனையில் மாட்டினார்.

“இப்ப பாருங்க சார்.”

யாரும் இல்லை.

கழற்றினார். “இப்ப?”

மூவர்.

“கைய எடுத்து நெத்தில வையுங்க சார்.”

தேவராஜன் வைத்தார். மூவரும் ஓர் உள்ளங்கைக்குப் பின்னால் மறைந்தார்கள். ஐந்து விரல்களும், விரலில் கிடந்த பவித்திர மோதிரமும் கண்ணாடியில் துலக்கமாகத் தெரிந்தன.

சாலமோன் மறுபடி விசில் ஊதிய பிறகும் அவர் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை. பதினைந்து நிமிடமும் அப்படியே போய்விட்டது. அரசப்பன் டில்லிக்குப் போனார். குளிருக்குக் கோட்டு இல்லை என்று தேவராஜனின் கம்பளிக் கோட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

சாலமோன் அறிக்கையில் எழுதினார்: “போட்டி நாற்பது நிமிடம் நிறுத்தப்பட்டது. காரணம், செயலாளர் தம்முடைய நாமத்தைக் கண்ணாடியில் கண்டு பயந்தது.”