எந்த செக்‌ஷன் பழுது

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொள்ளும். துணியில் ஓட்டை கண்ணில் பட்டால் மட்டும் போதாது. நிட்டிங்கில் விழுந்ததா, சாயத்தில் விழுந்ததா, தையலில் விழுந்ததா என்று துருவி, எவன் தலையிலாவது கட்டியாக வேண்டும். உசிலம்பட்டிப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்த பதினைந்து வருஷத்தில் காசிமாயனுக்கு இந்தப் புத்தி ரத்தத்தில் ஊறிவிட்டது.

தொண்ணூற்று மூன்றில் அவன் மனைவி ஒச்சம்மாளின் அடிவயிற்றுக் கட்டியைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். முதல் ரிப்போர்ட் வந்தது: புற்றுநோய், கருக்குழாயில் தொடங்கியது. குழாய் என்றதும் அவனுக்குப் பழைய ஆபரேசன் ஞாபகம் வந்துவிட்டது. எண்பத்து நாலில், இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு, "பயமா இருக்குய்யா, நீ பண்ணிக்கிறக் கூடாதா?" என்று அவள் அழ அழ, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அவளைத்தான் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தான். அங்கே கட்டியதும் அதே குழாயைத்தானே! அடப் பாவி, நீயேதானடா கொள்ளி வைத்தாய் என்று பத்து நாளாக நெஞ்சு குத்திக்கொண்டே கிடந்தது.

"அந்த ஆபரேசனால இது வராதுங்க. மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க" என்று டாக்டரம்மா அமராவதி படித்துப் படித்துச் சொன்னார். யார் கேட்டது? படித்தவர்கள் ஆறுதலுக்கு ஆயிரம் சொல்வார்கள் என்றிருந்தான்.

பதினோராம் நாள் இன்னொரு லேபிலிருந்து இரண்டாவது ரிப்போர்ட் வந்தது.

"இந்த லேப்காரங்க சினைப்பையில ஆரம்பிச்சதுங்கறாங்க" என்றார் டாக்டரம்மா. "ரெண்டும் ஒட்டியிருக்கற இடமுங்க. மைக்ராஸ்கோப்புல பார்த்தாலும் ஒரே மாதிரித்தான் தெரியும். பரவிப்போச்சுன்னா எங்க தொடங்குச்சுன்னு பிரிக்கறது சிரமம்."

"அப்ப குழாய் இல்லீங்களா?"

"இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாமுங்க. எதுவானாலும் மருந்து ஒண்ணுதான். வியாதி முத்தினதுதான், அதுல மாத்தமில்லீங்க."

இருக்கலாமாம், இல்லாமலும் இருக்கலாமாம்! இது என்ன பேச்சு? ஓட்டை ஒன்று, அதற்கு இரண்டு செக்‌ஷனா? அவனுக்கு ஒரு எழவும் புரியவில்லை. சினைப்பை என்ற ஒரு சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அவன் கட்டச் சொன்னது அதை இல்லையே. அப்பாடா! முகமெல்லாம் சிரிப்பாக வார்டுக்குள் ஓடினான்.

ஒச்சம்மாள் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டாள். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏய்யா, எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாகளா?"

காசிமாயன் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது.

"அதான பார்த்தேன். பயத்துலயே பாதி செத்துட்டேன்யா" என்றவள், கட்டிலுக்கடியில் இருந்த பையை இழுத்துத் தன் சேலைகளை மடித்து வைக்கத் தொடங்கினாள்.